மூக்கம்மாள் குடிக்காத பவுடர்

வெள்ளகோவில்
6 ஜனவரி 2024

வேல்விழி அப்பாவுக்கு மூக்கம்மாள் எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். தையல் பிரித்த இடம் காய்ந்துவிட்டது. இடுப்பில் வைத்த பிளேட் உள்ளே இருப்பது போலவே தெரியவில்லை, புரண்டு படுக்கும்போது மட்டும் தெரிகிறது.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. வேல்விழி தன் போனில் டைப் பண்ணி அனுப்புகிறேன் என்றாள். நான் உங்களிடம் சொல்வதை மகள் டைப் பண்ணுவதா என்று வேண்டாம் என்றுவிட்டேன். உங்கள் கம்பெனிக்கு ஆள் ஏற்றி வரும் வேன் டிரைவர் சதீஷ்குமார் இந்தத் தெருவில்தான் இருக்கிறார். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். நீங்களும் அவரிடமே கொடுங்கள்.

எனக்குக் கீழ் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை தரணீதரன் ஆள் வைத்துக் கட்டிலை உயர்த்திக் கொடுத்தார். அவரும் வேல்விழியும் காலையில் கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். பகலில் நானும் சம்பந்தியம்மா சின்னாத்தாளும்தான். அவர்கள் சமையல்கட்டில், நான் இங்கே. பேத்தி தேஜஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு கலகலவென்று ஆகும். என்னை அம்மாயி என்கிறாள், தாத்தா உங்களை அப்புச்சி என்கிறாள். "அப்புச்சி எப்படி இருப்பாங்க அம்மாயி?" என்று நேற்று கேட்டாள். உயரமாக இருப்பார் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த புரோட்டீன் பவுடர், சுண்ணாம்புச் சத்து மாத்திரை எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன்.

அன்று என்னோடு நீங்கள் காரில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் என் துணிப் பையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றீர்கள். கார் திரும்பும் வரை பார்த்தேன். நீங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. தூக்கத்தில் கையை நீட்டினால் சுவர் தட்டுகிறது. அவ்வளவுதான்.

மூக்கம்மாள்


நல்லூர், திருப்பூர்
11 ஜனவரி 2024

அன்புள்ள மூக்கம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. கம்பெனி கேட்டில் காவலுக்கு நின்றபடி ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை படித்தேன்.

காரில் ஏறாததைப் பற்றி எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாததா? நம் பெண்ணும் அந்தப் பையனும் தாங்களாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது நானும்தான் கோபப்பட்டேன். பிறகு ஆறிப்போனது. ஆனால் பையனின் அப்பா கந்தப்பன் என்ன சொல்லி அனுப்பினார்? "புள்ள மட்டும் எங்க ஊட்டுக்கு வரட்டும், வேற ஆரும் வர வேண்டாம்" என்றார். அவர் இப்போது இல்லை. சாவுக்குக்கூட நான் போகவில்லை. ஆனால் அந்தச் சொல்லை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையே. வாங்க என்று ஒரு வார்த்தை அந்த வீட்டிலிருந்து வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது.

உன்னை இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆசைதான். இந்த இரும்புப் படியில் வழுக்கித்தானே விழுந்தாய். மாடிக்கு உன்னைத் தூக்கி வந்தால் அப்புறம் இறக்க முடியாது. கழிவறை கீழே, அதுவும் நாலு வீட்டுக்கு ஒன்று. எனக்குத் தெரியும். தெரிந்தாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது.

ஆஸ்பத்திரியில் உனக்குச் சாப்பாடு சொன்ன அனுசுயா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். எனக்குக் காது கேக்காது, எழுதித் தாங்கம்மா என்றேன். பொறுமையாக எழுதித் தந்தார். ஆபரேஷன் எலும்பைச் சேர்த்து வைக்கும். ஆனால் எழுந்து நிற்கக் காலில் சதை வேண்டும். இந்த வயதில் படுத்திருந்தால் சதை சீக்கிரம் கரையும். சாப்பாடு போதவில்லை என்றால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னுமாம். அதற்குத்தான் அந்தப் பவுடர். சாப்பாட்டுக்குப் பதிலாக இல்லை, சாப்பாட்டோடு சேர்த்து.

டின் இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். முடிந்ததும் எழுது. அடுத்ததை நான் வாங்கி வேனில் கொடுத்து அனுப்புகிறேன். அவர்கள் வாங்க வேண்டாம். அதையாவது நான் செய்கிறேன்.

நான் ரசம் வைக்கப் பழகிக்கொண்டேன். உப்புதான் நிற்கமாட்டேன் என்கிறது.

பெருமாள்சாமி


வெள்ளகோவில்
19 ஜனவரி 2024

வேல்விழி அப்பாவுக்கு,

பொங்கல் முடிந்தது. இங்கே மாட்டுப் பொங்கலைப் பெரிதாகச் செய்கிறார்கள். எல்லோரும் தோட்டத்துக்குப் போனார்கள். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லூரில் நீங்கள் தனியாக என்ன சாப்பிட்டீர்கள், எழுதுங்கள்.

டின் இன்னும் இருக்கிறது. அவசரமாக வாங்க வேண்டாம்.

அதை ஏன் எல்லோரும் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று தெரியவில்லை. வெனிலா வாசம். ஒரு மடக்குக் குடித்தால் அடுத்த வேளைச் சோறு இறங்குவதில்லை. கஞ்சியும் கருவாடும் தின்று வளர்ந்த உடம்பு, பவுடரிலா நிற்கப் போகிறது?

உடற்பயிற்சி சொல்லித் தரும் பையன் வந்தான். வாக்கரைப் பிடித்து எழுந்திரிங்க பாட்டி என்றான். எழுந்தேன். கால் இரண்டும் யாருடையதோ போல நடுங்கியது. உட்கார்ந்துவிட்டேன். அவன் வேல்விழியிடம், போன வாரத்துக்கு இந்த வாரம் மோசம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் என்னைத் திட்டினாள். "ஏம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கே, உனக்கு எந்திரிச்சு நடக்கணும்னு ஆசையே இல்லையா?" என்றாள். என்னைத் திட்டிவிட்டு அடுத்த அறையில் போய் அழுதது எனக்குக் கேட்டது.

நடக்க ஆசையில்லாமலா இருக்கும். நடந்தால் எங்கே போவேன் என்று அவளுக்குத் தெரியாதா.

ஒரு தடவை வந்தால் என்ன? வாங்க என்று சொல்லவில்லை என்கிறீர்கள். நான் சொல்கிறேன். நான் கூப்பிட்டால் போதாதா? எனக்கும் சேர்த்துத்தானே அந்தச் சொல் சொல்லப்பட்டது. நான் இங்கேதான் படுத்துக்கிடக்கிறேன்.

எழுதியது கோபமாக இருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

மூக்கம்மாள்


நல்லூர்
29 ஜனவரி 2024

அன்புள்ள மூக்கம்மாளுக்கு,

கிழிக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. உள்ளே வரலாம் என்றுதான் கிளம்பினேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பேத்திக்குப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தேன். சதீஷ்குமார் வழி சொல்லியிருந்தார். வீட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கிறதே, அதுவரை வந்துவிட்டேன். கேட்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. டீ வாங்கிக் குடித்தேன்.

வேல்விழி உன்னை வெயிலுக்குக் கூட்டி வந்து வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தாள். வாக்கரைப் பிடித்து ஒரு பொம்பளை வருவதைப் பார்த்து, இவர்கள் வீட்டில் யாரோ வயதான சொந்தம் போல என்று நினைத்தேன். சேலையைப் பார்த்துத்தான் நீ என்று தெரிந்தது. தீபாவளிக்கு எடுத்த அந்த ஊதாச் சேலை.

மூக்கம்மா, உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கையில் வளையல் முழங்கைக்கு ஏறிக் கிடந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதினாய். டின் இன்னும் இருக்கிறது என்று எழுதினாய். அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

அங்கே சோறு போடவில்லையா? அதை மட்டும் சொல். இல்லை, அவர்கள் போட்டு நீதான் சாப்பிடவில்லையா? ருசி, வாசம் என்று என்னிடம் கதை சொல்லாதே. சாயப்பட்டறைத் தெருவில் குடியிருந்தபோது அந்த நாற்றத்தில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டவள் நீ. வெனிலா வாசமா உன்னை விரட்டும்?

பிஸ்கட்டைச் சதீஷ்குமாரிடம் கொடுத்திருக்கிறேன். யார் கொடுத்தது என்று குழந்தையிடம் சொல்லு, சொல்லாமல் இரு, உன் இஷ்டம்.

உண்மையை எழுது.

பெருமாள்சாமி


வெள்ளகோவில்
2 பிப்ரவரி 2024

வேல்விழி அப்பாவுக்கு,

எதிரே வந்து நின்றிருக்கிறீர்கள். நான் தலையை நிமிர்த்தியிருந்தால் பார்த்திருப்பேன். வெயிலில் கண் கூசியது, குனிந்தே இருந்தேன். இதை நினைத்து இரண்டு நாளாக வேறெதுவும் ஓடவில்லை.

சோறு போடுகிறார்கள். நிறையவே போடுகிறார்கள். முட்டை, பச்சைப்பயறு, ஞாயிற்றுக்கிழமை கறி. குறை சொன்னால் என் நாக்கு அழுகும்.

உங்களிடம் எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. சாப்பிட்டால் போக வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடித்தால் போக வேண்டியிருக்கிறது. தனியாக எழுந்து போக முடியாது. பகலில் வேல்விழி இல்லை. கூப்பிட்டால் சம்பந்தியம்மாதான் வர வேண்டும். அவர்கள் வந்து என்னைத் தூக்கி, சேலையைப் பிடித்து, உட்கார வைத்து, கழுவிவிட்டு... அந்த அம்மா என் வயது. என் மகளுக்கு மாமியார். நம்மை வாசல்படி ஏற வேண்டாம் என்று சொன்ன வீட்டின் எஜமானி. அவர்கள் கையால் நான் எப்படி?

முதல் வாரம் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் செத்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் வேல்விழி போகும் முன் ஒரு தடவை, அவள் திரும்பி வந்ததும் ஒரு தடவை. நடுவில் வாயில் எதுவும் போடாமல் இருந்தால் சமாளித்துவிடலாம். தட்டில் வைத்ததைக் கொஞ்சம் கொறித்துவிட்டுப் பசிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன். பவுடரைப் பாலில் கலந்து தந்தார்கள். பால் எனக்குச் சேரவில்லை, வயிற்றைக் கலக்கியது. அதற்குப் பயந்துதான் முதலில் நிறுத்தினேன், டின் தீராதது அதனால்தான். வேல்விழி திட்டிய பிறகு, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்கள் நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிடுவேன்.

நேற்று மயக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். வேல்விழி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

நீங்கள் பக்கத்தில் இருந்தால் இது ஒரு விஷயமா? வேல்விழி பிறந்தபோது எனக்குத் துணி அலசிப் போட்டவர்தானே நீங்கள். அப்போது யார் இருந்தார்கள் நமக்கு, திருப்பூரில்.

மூக்கம்மாள்


நல்லூர்
5 பிப்ரவரி 2024

அன்புள்ள மூக்கம்மாளுக்கு,

நான் வருகிறேன்.

கம்பெனியில் சொல்லிவிட்டேன். கேட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். உன்னைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டியது நான். வேறு யாரும் இல்லை.

அனுசுயா மேடத்திடம் மறுபடி போனேன். நீ எழுதியதை அப்படியே சொன்னேன், பால் சேராததையும், தண்ணீர் குடிக்காமல் கிடந்ததையும். அவர் கோபப்படவில்லை. "நெறைய பேரு இப்படித்தான் செய்றாங்க, சொல்ல மாட்டாங்க" என்று எழுதிக் காட்டினார். பால் சேராதவர்களுக்கென்று வேறு பவுடர் இருக்கிறதாம். வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். ராகிக் கஞ்சியில் கலக்கலாம், வெறும் தண்ணீரிலும் கலக்கலாம். ஒரேயடியாக ஒரு டம்ளர் குடிக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சோறும் இறங்கும். உனக்குச் சர்க்கரை உண்டா, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்றும் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிற மாதிரி, நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி ஒன்றும் உண்டாம். அதற்கும் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று செய்தேன். சம்பந்தியம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி, இதோடு சேர்த்துச் சதீஷ்குமாரிடம் கொடுத்திருக்கிறேன். என் மனைவிக்குத் துணையாகச் சில காலம் உங்கள் வீட்டில் தங்க அனுமதிக்க வேண்டும், வாசல் வராந்தாவில் படுத்துக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் கூப்பிடட்டும் என்று இத்தனை வருஷம் இருந்தேன். இப்போது நானே கேட்டுவிட்டேன்.

வேண்டாம் என்று சொன்னாலும் வருவேன். எதிரே டீக்கடை இருக்கிறது.

அதுவரை நீ தண்ணீர் குடி. எனக்காகக் குடி. கூச்சமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்.

பெருமாள்சாமி


வெள்ளகோவில்
9 பிப்ரவரி 2024

வேல்விழி அப்பாவுக்கு,

நடந்ததைச் சொல்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. உங்கள் கடிதத்தை வேல்விழிதான் வாசித்தாள். அடுத்த அறையில் அவள் குரல் பாதியில் நின்று மறுபடி தொடங்கியது.

மறுநாள் வேல்விழியும் மாப்பிள்ளையும் கம்பெனிக்குப் போனதும் சம்பந்தியம்மா வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்கள். இதுவரை அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"ஏனுங்க சம்பந்தி, ஜன்னலுக்குக் கீழ எறும்பு மொய்ச்சுக் கெடக்குதுங்க. ரெண்டு வாரமா பாக்கறேன்" என்றார்கள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஊத்தறது எனக்குத் தெரியுமுங்க. கேட்டா உங்க மனசு நோகுமேன்னு கேக்கல. எங்கூட்டு மாமியாளக் கடைசி வரைக்கும் நாந்தானுங்க பாத்தேன். எங்கூட்டுக்காரருக்கும் நாந்தான். எனக்கு இதுல என்னங்க இருக்குது? நீங்க கூப்புடுவீங்க கூப்புடுவீங்கன்னு பகலெல்லாம் இந்தக் கதவுப் பக்கமே காத உட்டுட்டு இருந்தனுங்க. நீங்க கூப்புடவே இல்ல. நானா வந்தா, என்னமோ நாந் தயவு காட்டற மாதிரி ஆயிருமேன்னு நெனச்சேன்."

"எனக்கு வெக்கமா இருந்துச்சு மதினி" என்றேன். மதினி என்று எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"எனக்குந்தானுங்க" என்றார்கள்.

பிறகு நான் போக வேண்டும் என்றேன். கூட்டிப்போனார்கள். கண்ணை மூடவில்லை.

நீங்கள் வாங்கி அனுப்பிய பவுடரை ராகிக் கஞ்சியில் கலந்து இரண்டு டம்ளரில் கொண்டுவந்தார்கள். ஒன்றை அவர்களே குடித்தார்கள். "இதென்னுங்க, சுண்ணாம்பாட்ட இருக்குது" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலிக்கிறது. ஆபரேஷனுக்கு அப்புறம் இப்போதுதான் அது எனக்குத் தெரிகிறது.

உங்களுக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணன வரச் சொல்லுங்க. வராந்தாவுல எல்லாம் படுக்க வேண்டாம், ஊட்டுக்குள்ள எடமிருக்குது. அன்னைக்கு எங்கூட்டுக்காரரு சொன்னது எனக்கும் தெரியுமுங்க. இன்னைக்கு நாஞ் சொல்றேன், வாங்க."

வாருங்கள். சலவைச் சட்டை வேண்டாம். எதுவாக இருந்தாலும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

மூக்கம்மாள்


நல்லூர்
18 ஏப்ரல் 2024

அன்புள்ள மூக்கம்மாளுக்கு,

வந்து சேர்ந்தேன். கேட்டில் புது ஆள் ஒத்துவரவில்லை என்று கம்பெனியில் மறுபடி கூப்பிட்டதால்தான் கிளம்பினேன். இல்லையென்றால் கிளம்பியிருக்கமாட்டேன்.

இரண்டு மாதம் உன் பக்கத்தில் இருந்துவிட்டு வந்த பிறகு இந்த மாடி அறை முன்பைவிட மோசமாக இருக்கிறது. அப்போதெல்லாம் நீ இல்லாதது மட்டும்தான் தெரியும். இப்போது பதினொரு மணியானால் எழுந்து கஞ்சி கலக்கக் கை பரபரக்கிறது. யாருக்குக் கலக்குவது? தேஜஸ்ரீ காதருகே வந்து "அப்புச்சி" என்று கத்துவாளே, அதைத் தேடுகிறது. மற்ற எதுவும் கேட்காத இந்தக் காதுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ.

நான் கிளம்பிய அன்று வாக்கரோடு வாசல் வரை நீயே நடந்து வந்தாய். கால் நடுங்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. அனுசுயா மேடத்திடம் சொன்னேன். பவுடரை இனிக் குறைத்துக்கொண்டு சாப்பாட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், முட்டையையும் பயறையும் விட வேண்டாம், நடப்பதை நிறுத்த வேண்டாம் என்று எழுதித் தந்தார்.

கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். தரைத் தளம். வாசலில் படி இல்லை. ஒற்றை அறைதான், ஆனால் கழிவறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, உட்காருகிற மாதிரி. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் தையல் மிஷின் ஓடும் சத்தம் இருக்கும். எனக்குப் பிரச்சினை இல்லை, உனக்குத்தான்.

ஒன்று கேட்கிறேன். அங்கே உனக்கு மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள், சம்பந்தியம்மா இருக்கிறார்கள். காற்றோட்டமான வீடு. இங்கே நான் மட்டும்தான். அங்கேயே இருந்துவிடலாம் என்று உனக்குத் தோன்றினால் எழுது. நான் வருத்தப்படமாட்டேன்.

கட்டில் வாங்கிப் போட்டுவிட்டேன். உயரமான கட்டில்.

பெருமாள்சாமி


வெள்ளகோவில்
24 ஏப்ரல் 2024

வேல்விழி அப்பாவுக்கு,

வருத்தப்படமாட்டேன் என்று எழுதிய வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அடித்தது தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விடுகிறார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் வேல்விழியிடம் சொன்னேன். என் துணியை மடிக்க ஆரம்பித்தாள். ஒரே சேலையை மூன்று தடவை மடித்தாள். மதினிதான் பொறுக்கமாட்டாமல் பேசினார்கள். "நீங்க போயிட்டா பகல்ல எனக்குப் பேச ஆருங்க இருக்கறா? அவரு போன பின்னால இந்த ஊட்டுல நாந் தனியா சோறு தின்னு தின்னு, பாதி நாளு அடுப்பே பத்த வெக்கறதில்லீங்க. நீங்க வந்த பொறவுதான் நானும் நேரத்துக்குத் திங்கறேன்" என்றார்கள்.

எனக்கு அது தெரியாது. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர்கள் தட்டை ஒருநாளும் பார்க்கவில்லை.

இருங்கள் என்று என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. "அண்ணன் அங்க தனியா இருக்கறாரு, போங்க. தனியா இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டில் பயறு வறுக்கும் வாசம் வந்தது. எனக்குக் கொடுத்தனுப்ப மாவு திரிக்கிறார்கள். மாதத்தில் ஒரு தடவை வேனில் ஏறி நல்லூருக்கு வந்து என்னோடு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சதீஷ்குமாரிடமும் சொல்லிவிட்டேன். வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் சில மாதங்களில் நான் யாராலெல்லாம் தூக்கப்பட்டேன், யார் யார் கையில் கிடந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். முன்பு அது அவமானமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. ஆனாலும் ஒரே ஒரு ஆசை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வையுங்கள். காரிலிருந்து இறங்கி நானேதான் உள்ளே வருவேன். மாப்பிள்ளையும் பிடிக்க வேண்டாம், வேல்விழியும் பிடிக்க வேண்டாம். நீங்களும் பிடிக்க வேண்டாம். நான் மெதுவாகத்தான் வருவேன். பக்கத்தில் நின்றுகொண்டிருங்கள், போதும்.

மூக்கம்மாள்